ஹாலிவுட் சென்சாருக்கு அடங்காத நாலு வருஷம்: ‘ப்ரீ-கோட்’ பேசும் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம் என்றால் நமக்கு ஒரு நினைப்பு உண்டு. முத்தம் நெருங்கும்போது திரை இருண்டுவிடும், கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில் படுத்திருப்பார்கள், கெட்டவன் கடைசியில் கட்டாயம் சாவான். 1930-க்கும் 1934-க்கும் இடையே வந்த படங்களில் நாலைந்தைப் பார்த்தால் இந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிடும். அந்தப் படங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

ப்ரீ-கோட் படங்கள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

சினிமா பேசத் தொடங்கிய பிறகு, தணிக்கை கட்டாயம் ஆவதற்கு முன்பு ஹாலிவுட்டில் வந்த படங்களை. தொடக்கம் 1929 என்பார் சிலர், 1930 என்பார் சிலர். முடிவில் குழப்பமே இல்லை: 1934 ஜூலை 1. அன்று முதல் சான்றிதழ் வாங்காத படத்தைப் பெரிய ஸ்டுடியோக்களின் தியேட்டர்களில் ஓட்ட முடியாது, மீறினால் 25,000 டாலர் அபராதம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கோட்’ என்பது படத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற விதித்தொகுப்பு. ‘ப்ரீ-கோட்’, அதாவது விதிக்கு முந்தியது என்ற பெயரைப் பார்த்து, அந்தக் காலத்தில் விதியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருந்தது. 1930 மார்ச் 31 அன்றே ஸ்டுடியோ முதலாளிகள் எல்லோரும் கூடி அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்புறம் நாலு வருஷம் அதை மதிக்காமல் படம் எடுத்தார்கள்.

இது அமெரிக்க அரசாங்கம் போட்ட தணிக்கையா?

இல்லை. இன்றும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். விதியை எழுதிக்கொண்டது சினிமாத் தொழிலே.

1915-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: சினிமா ஒரு வியாபாரம், பேச்சுரிமைப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. அதனால் மாநிலங்கள் தங்கள் இஷ்டத்துக்குத் தணிக்கை வாரியம் வைத்துக்கொள்ள முடிந்தது. பென்சில்வேனியா, ஒஹையோ, கேன்சஸ், மேரிலாந்து, நியூயார்க், வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் வாரியங்கள் இருந்தன. சிகாகோ போன்ற நகரங்களில் போலீஸே கத்தரி போட்டது. ஒரே படம் ஓர் ஊரில் முழுதாக ஓடும், பக்கத்து மாநிலத்தில் பத்து இடங்களில் வெட்டுப்பட்டு ஓடும்.

1920-களின் தொடக்கத்தில் நட்சத்திரங்களைச் சுற்றிப் பெரிய சர்ச்சைகள் கிளம்பின. நகைச்சுவை நடிகர் ஃபேட்டி ஆர்பக்கிள் மீதான வழக்கும் இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லரின் கொலையும் பத்திரிகைகளுக்குத் தீனியாகின. மத்திய அரசே தணிக்கை கொண்டுவந்துவிடுமோ என்று முதலாளிகள் பயந்தார்கள். 1922-ல், அதுவரை அமெரிக்கத் தபால் துறை அமைச்சராக இருந்த வில் ஹேஸைத் தங்கள் சங்கத்துக்குத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். பிரஸ்பிட்டேரியன் சபையில் மூப்பராக இருந்தவர், அரசியல் தொடர்புகள் நிறைய உள்ளவர். ‘நாங்களே எங்களைத் திருத்திக்கொள்கிறோம், நீங்கள் வர வேண்டாம்’ என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான முகம் கிடைக்காது.

விதியை எழுதியது யார்? அதில் என்ன இருந்தது?

மார்ட்டின் க்விக்லி என்ற சினிமா வணிகப் பத்திரிகை முதலாளியும், டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாரும். இருவரும் கத்தோலிக்கர்கள்.

பார்ப்பவரின் ஒழுக்கத் தரத்தைத் தாழ்த்தும் படம் கூடாது, குற்றத்தின் பக்கமோ பாவத்தின் பக்கமோ ரசிகரின் அனுதாபம் சாயக் கூடாது என்பது அடிப்படை. பிறகு பட்டியல் நீளும். கள்ளக்காதலை நியாயப்படுத்தக் கூடாது. காமம் தூக்கலான முத்தம் கூடாது. கொலை செய்யும் முறையை விவரமாகக் காட்டக் கூடாது. போதைப்பொருள் வியாபாரம், பிரசவக் காட்சி, மத குருமாரைக் கேலி செய்வது எல்லாம் கூடாது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே உடலுறவு இருப்பதாகக் காட்டக் கூடாது என்றும் ஒரு வரி உண்டு. ஒழுக்கம் என்ற பெயரில் அந்த நாட்டின் நிறவெறியும் கூடவே எழுதப்பட்டது.

எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியை ஏன் யாரும் மதிக்கவில்லை?

விஷயத்தின் மையமே இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விதியைப் பார்த்துக்கொள்ள ஹேஸின் கீழ் ஒரு சிறிய அலுவலகம் இருந்தது. முதலில் ஜேசன் ஜாய், 1932-க்குப் பிறகு ஜேம்ஸ் விங்கேட். இவர்கள் திரைக்கதையைப் படித்து, ‘இந்த வசனம் வேண்டாம், அந்தக் காட்சியைக் குறையுங்கள்’ என்று கடிதம் எழுதுவார்கள். கேட்காவிட்டால்? மேல்முறையீடு உண்டு. அதை விசாரிக்கும் நடுவர்கள் யார் என்றால், மற்ற ஸ்டுடியோக்களின் தயாரிப்பாளர்கள்! இன்று உன் படத்தை நான் விட்டுக்கொடுத்தால் நாளைக்கு என் படத்தை நீ விட்டுக்கொடுப்பாய் என்ற கணக்கில்தான் தீர்ப்பு வரும். ‘டார்ஸன் அண்ட் ஹிஸ் மேட்’ (1934) மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. அதில் ஜேன் நிர்வாணமாக நீருக்கடியில் நீந்தும் காட்சியை நடுவர்களே எடுக்கச் சொன்னார்கள்.

அடுத்தது பணம். 1929 அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. பேசும் படம் புதுசு என்பதால் முதல் ஒரு வருஷம் கூட்டம் குறையவில்லை, பிறகு சரிய ஆரம்பித்தது. ஸ்டுடியோக்கள் தியேட்டர் வாங்கியதற்கும் ஒலிக் கருவி போட்டதற்கும் தலைக்கு மேல் கடன் வைத்திருந்தன. 1933-ன் தொடக்கத்தில் பாரமவுண்ட்டும் ஆர்.கே.ஓ.வும் திவால் நிர்வாகத்துக்குப் போயின. அந்த மார்ச்சில் நாட்டின் வங்கிகளையெல்லாம் மூடியபோது ஹாலிவுட்டில் சம்பளத்தைப் பாதியாக வெட்டினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில், கையில் காசில்லாதவனை டிக்கெட் வாங்க வைக்க எது உதவுமோ அதைத்தான் எடுப்பார்கள். ஜாயின் கடிதத்தை யார் படிப்பார்கள்?

ஒரு வேடிக்கை பாருங்கள். விதி ஏற்கப்படுவதற்கு முன் நடந்த பேச்சுவார்த்தைகளில் எம்.ஜி.எம். தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்கும் இருந்தார். விதி கையெழுத்தாகி ஒரு மாதத்துக்குள் அவருடைய ஸ்டுடியோவிலிருந்து ‘தி டிவோர்ஸி’ வெளியானது. கணவன் வேறொருத்தியோடு போகிறான், ‘அதற்கு ஒன்றும் அர்த்தமில்லை’ என்கிறான். மனைவி அவனுடைய நெருங்கிய நண்பனோடு இரவைக் கழித்துக் கணக்கை நேர் செய்கிறாள். அந்த வேடத்தில் நடித்தவர் தால்பெர்க்கின் மனைவி நார்மா ஷியரர். அதற்கு ஆஸ்கரும் வாங்கினார்.

படம் பேச ஆரம்பித்ததற்கும் இந்தத் துணிச்சலுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. வசன எழுத்தாளர் தேவைப்பட்டதும் நியூயார்க்கிலிருந்து நாடகக்காரர்களும் பத்திரிகை நிருபர்களும் மேற்கே வந்து இறங்கினார்கள். பென் ஹெக்ட் அப்படி வந்தவர், சிகாகோவில் நிருபராக இருந்தவர். குற்றவாளி எப்படிப் பேசுவான், போலீஸ் எப்படிப் பேசும் என்று காதால் கேட்டவர்கள் எழுதியதால் வசனத்தில் தெரு வாசனை வந்தது. மௌனப் படத்தில் கண்ணசைவில் போயிருக்கும் இரட்டை அர்த்தம் இப்போது வாயிலேயே வந்தது.

தணிக்கைக்காரருக்கும் புதுத் தலைவலி. மௌனப் படத்தில் எழுத்து அட்டையை மாற்றினால் கதையையே மாற்றிவிடலாம். தொடக்கக்காலப் பேசும் படங்கள் பலவற்றில் ஒலி தனியாக இசைத்தட்டில் இருந்தது. ஒரு காட்சியை வெட்டினால் அதற்குப் பிறகு உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். வெளியான பிறகு வெட்டுவதைவிட எழுதும்போதே தடுப்பது மலிவு என்ற யோசனை முதலாளிகளுக்குப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படி என்னதான் காட்டினார்கள்? ஒரே நிர்வாணமா?

அப்படி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். உள்ளாடையில் நடமாடும் நடிகைகள், தேவைக்கு அதிகமாக வரும் குளியல் காட்சிகள், மெல்லிய பட்டுத் துணிகள், இவ்வளவுதான் பெரும்பாலும். செசில் பி. டிமில்லின் ‘தி சைன் ஆஃப் த கிராஸ்’ (1932) படத்தில் கிளாடெட் கோல்பர்ட் பால் தொட்டியில் குளிப்பார். ரோமாபுரிக் கிறிஸ்தவத் தியாகிகளின் கதை என்ற போர்வையில் எடுக்கப்பட்ட படம் அது. பக்திப் படத்துக்குள் கவர்ச்சியை நுழைப்பது எப்படி என்பதை டிமில்லிடம்தான் பாடம் கேட்க வேண்டும்.

உண்மையான துணிச்சல் வேறு இடத்தில் இருந்தது. இந்தப் படங்கள் தண்டிப்பதில்லை. ‘ரெட்-ஹெடட் உமன்’ (1932) படத்தில் ஜீன் ஹார்லோ முதலாளியை மயக்குகிறாள், அவன் குடும்பத்தைக் கெடுக்கிறாள், கடைசியில் அவனையே சுடுகிறாள். முடிவு? பாரிஸில் ஒரு பணக்காரக் கிழவரின் காரில் போகிறாள், ஓட்டுநராக அவளுடைய இளம் காதலன். திரைக்கதை அனிதா லூஸ், ஒரு பெண். அவர் ஹார்லோவை வில்லியாகவும் எழுதவில்லை, பரிதாபத்துக்குரியவளாகவும் எழுதவில்லை. சிரிக்கச் சிரிக்க எழுதினார். பிரிட்டனில் படத்துக்கே தடை.

என் பார்வையில் இந்தக் காலத்தின் உச்சம் எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் ‘ட்ரபிள் இன் பாரடைஸ்’ (1932). திருடனும் திருடியும் ஒரு பணக்கார விதவையின் வீட்டில் வேலைக்குச் சேர்கிறார்கள். திருடனுக்கு விதவையின் மேலும் ஆசை, விதவைக்கு அவன் மேலும் ஆசை. யாருக்கும் குற்ற உணர்ச்சி இல்லை. ஆடை ஒன்று கூட விலகாது. ஒரு கடிகாரத்தையும் மூடிய கதவையும் காட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். கடைசியில் திருடர்கள் பணத்தோடும் நகையோடும் சிரித்துக்கொண்டே தப்பிவிடுகிறார்கள். 1935-ல் மறுவெளியீட்டுக்கு அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் கிடந்தது இந்தப் படம். சான்றிதழ் அலுவலகம் எதற்குப் பயந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அதே இயக்குநரின் ‘டிசைன் ஃபார் லிவிங்’ (1933) இன்னும் ஒரு படி மேல். இரண்டு நண்பர்கள், ஒரு பெண், அவளுக்கு இருவருமே வேண்டும். கடைசிக் காட்சியில் மூவரும் ஒரே காரில் கிளம்புகிறார்கள்.

‘பேபி ஃபேஸ்’ பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, ஏன்?

1933-ல் வார்னர் பிரதர்ஸ் எடுத்தது. கதை, அந்த ஸ்டுடியோவின் தயாரிப்புத் தலைவர் டேரில் ஸானக் புனைபெயரில் எழுதியது. பார்பரா ஸ்டான்விக் நடித்த லில்லி, பென்சில்வேனியாவின் ஆலை நகரமான ஈரியில் அப்பாவின் கள்ளச் சாராயக் கடையில் வளர்கிறாள். வாடிக்கையாளர்களுக்கு மகளையே விருந்தாக்குகிற அப்பா. அங்கே வரும் செருப்புத் தைக்கும் கிழவர் அவளுக்கு ஜெர்மன் தத்துவஞானி நீட்சேயைப் படித்துக் காட்டி, ‘உன்னை ஆண்கள் பயன்படுத்தியது போதும், நீ அவர்களைப் பயன்படுத்து’ என்கிறார். அவள் நியூயார்க் போய் ஒரு வங்கியில் கீழ்நிலை வேலையில் சேர்ந்து, ஒவ்வொரு ஆணாக ஏறி மேல் மாடிக்குப் போகிறாள். கேமராவும் கட்டடத்தின் வெளிச்சுவரில் மாடி மாடியாக ஏறும். நடுவில் அவள் ஏறிக் கடந்துபோகும் குமாஸ்தாக்களில் ஒருவர் இளம் ஜான் வெய்ன்.

நியூயார்க் வாரியம் இந்தப் படத்தை நிராகரித்தது. ஸ்டுடியோ படிந்து போனது. கிழவரின் நீட்சே பேச்சை அழித்து, ‘நல்ல வழியும் உண்டு, கெட்ட வழியும் உண்டு, நல்ல வழியில் போ’ என்ற உபதேசத்தை ஒட்டினார்கள். லில்லி எல்லாவற்றையும் இழந்து பழைய ஊருக்கே திரும்பிவிட்டாள் என்று ஒரு முடிவும் சேர்ந்தது. எழுபது வருஷம் உலகம் பார்த்தது அந்தப் படத்தைத்தான். 2004-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கிடங்கில் வெட்டுப்படாத நெகட்டிவ் கிடைத்தது. அடுத்த வருஷமே தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல அனுபவம். கிழவர் வேடத்தில் அதே நடிகர், அதே கடை. வாயிலிருந்து வரும் வார்த்தை மட்டும் வேறு.

மே வெஸ்ட் பாரமவுண்ட்டைக் காப்பாற்றினார் என்பது உண்மையா?

தனியாளாகக் காப்பாற்றினார் என்றால் மிகை. ஆனால் திவால் நிலையில் இருந்த கம்பெனிக்கு 1933-ல் அவருடைய ‘ஷி டன் ஹிம் ராங்’, ‘ஐ’ம் நோ ஏஞ்சல்’ இரண்டும் கொட்டிய பணம் பெரிய மூச்சு. முதல் படம் இரண்டு லட்சம் டாலர் அளவில் எடுக்கப்பட்டு இருபது லட்சத்துக்கு மேல் வசூலித்தது. நீளம் 66 நிமிடம்தான்.

அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. நாடக மேடையில் பெரிய பெயர், ஒரு நாடகத்துக்காக 1927-ல் நியூயார்க் போலீஸ் கைது செய்து சிறையிலும் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய ‘டயமண்ட் லில்’ நாடகத்தைப் படமாக்கக் கூடாது என்பது ஹேஸ் அலுவலகத்தின் நிலை. பாரமவுண்ட் தலைப்பையும் கதாநாயகி பெயரையும் மாற்றி அதையே எடுத்தது. நடுவர் முறையின் கதி இதுதான்.

மே வெஸ்ட் வசனத்தைத் தாமே எழுதினார். எழுத்தில் பார்த்தால் அதில் ஆபாசம் என்று எதையும் சுட்ட முடியாது. இடுப்பில் கை வைத்து, இழுத்து இழுத்து அவர் சொல்லும்போதுதான் விஷயம் விளங்கும். திரைக்கதையைப் படித்துச் சிவப்பு மை போடும் அதிகாரி என்ன செய்ய முடியும்?

கேங்ஸ்டர் படங்கள்?

இரண்டு வருஷப் புயல். ‘லிட்டில் சீஸர்’ (1931), ‘தி பப்ளிக் எனமி’ (1931), ‘ஸ்கார்ஃபேஸ்’ (1932) மூன்றும் தூண்கள். மதுவிலக்குச் சட்டத்தால் கள்ளச் சாராயக் கும்பல்கள் பணத்தில் புரண்ட காலம், அல் கபோன் பெயர் தினசரிச் செய்தி. ‘பப்ளிக் எனமி’யில் காலைச் சாப்பாட்டின்போது ஜேம்ஸ் கேக்னி பாதி பம்பளிமாசு மாதிரியான கிரேப்ஃப்ரூட் பழத்தைக் காதலியின் முகத்தில் அழுத்துவாரே, அந்தக் காட்சியை இன்றைக்கும் வன்முறையின் சுருக்கெழுத்து மாதிரி எடுத்துக்காட்டுகிறார்கள்.

‘ஸ்கார்ஃபேஸ்’ பட்ட பாடு தனிக் கதை. ஹாவர்ட் ஹ்யூஸ் தயாரிப்பு, ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கம், எழுத்து பென் ஹெக்ட். ‘தேசத்தின் அவமானம்’ என்று துணைத் தலைப்புச் சேர்க்கச் சொன்னார்கள். பத்திரிகை முதலாளி ஒருவர் குற்றங்களுக்கு எதிராகப் பிரசங்கம் செய்யும் காட்சியைச் சொருகினார்கள். நாயகன் போலீஸ் குண்டில் சாவதற்குப் பதில் சட்டப்படி தூக்கில் தொங்குவதாக இன்னொரு முடிவும் எடுத்தார்கள். அதற்குள் நாயகனாக நடித்த பால் முனி வேறு வேலைக்குப் போய்விட்டதால் அந்தக் காட்சியில் அவர் முகமே வராது! அப்படியும் நியூயார்க் வாரியம் ஒத்துக்கொள்ளவில்லை. ஹ்யூஸ் வெறுத்துப்போய், வாரியமே இல்லாத மாநிலங்களில் பழைய முடிவோடு வெளியிட்டார்.

1935-ல் அதே கேக்னி ‘ஜி மென்’ படத்தில் மத்தியப் புலனாய்வு அதிகாரியாக வந்தார். துப்பாக்கி அதேதான், பக்கம் மட்டும் மாறியது.

சமூகப் பிரச்சினைகளைத் தொட்டார்களா?

இந்தப் பக்கம்தான் குறைவாகப் பேசப்படுகிறது என்பது என் குறை. ‘ஐ ஆம் எ ஃப்யூஜிடிவ் ஃப்ரம் எ செயின் கேங்’ (1932), ராபர்ட் எலியட் பர்ன்ஸ் என்பவர் ஜார்ஜியா மாநிலத்தில் சங்கிலியில் கட்டி வேலை வாங்கப்பட்டுத் தப்பி வந்து எழுதிய அனுபவத்தை வைத்து எடுத்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் திரிந்தவர், அற்பத் தொகைக்கு நடந்த ஒரு கொள்ளையில் மாட்டியவர். படம் வெளியான சில வாரங்களில் அவரை நியூ ஜெர்சியில் பிடித்தார்கள், ஆனால் ஜார்ஜியாவிடம் ஒப்படைக்க அந்த மாநில ஆளுநர் மறுத்துவிட்டார். படத்தின் கடைசிக் காட்சியில், தலைமறைவாக அலையும் நாயகனிடம் காதலி எப்படிப் பிழைக்கிறாய் என்று கேட்கிறாள். திருடுகிறேன் என்ற பதில் இருட்டிலிருந்து வருகிறது. அதோடு படம் முடிந்துவிடும். ஆறுதல் வார்த்தை கிடையாது.

வில்லியம் வெல்மன் இயக்கிய ‘வைல்ட் பாய்ஸ் ஆஃப் த ரோட்’ (1933), வீட்டில் சோறில்லாததால் சரக்கு ரயிலில் தொற்றி ஊர் ஊராக அலையும் சிறுவர்களின் கதை. ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’ குத்தாட்டமும் கும்மாளமுமாகப் போகும் இசைப் படம். ஆனால் கடைசிப் பாட்டு, போரில் சண்டையிட்டுவிட்டு இப்போது கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் சிப்பாய்களைப் பற்றியது. முந்தின வருஷம்தான் உதவித்தொகை கேட்டு வாஷிங்டனில் கூடிய முன்னாள் சிப்பாய்களை ராணுவத்தை ஏவியே விரட்டியிருந்தார்கள். தியேட்டரில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

திகில் படங்களையும் இதில் சேர்ப்பார்களா?

சேர்க்க வேண்டும். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931) படத்தில் பூதம் ஒரு சிறுமியோடு ஏரிக்கரையில் பூ எறிந்து விளையாடும். பூ தீர்ந்ததும், பூ மிதந்த மாதிரி இவளும் மிதப்பாள் என்று நினைத்துத் தண்ணீரில் எறிந்துவிடும். அது கொடுமை என்று வெட்டினார்கள். வெட்டியபின் மிஞ்சியது: பூதம் சிறுமியை நோக்கிக் கை நீட்டுகிறது, அடுத்து அப்பா பிணத்தைத் தூக்கி வருகிறார். இடையில் என்ன நடந்தது என்று பார்ப்பவர் கற்பனை செய்வது அசலைவிடக் கேவலமாக இருக்கும். ‘ஃப்ரீக்ஸ்’ (1932) பிரிட்டனில் சுமார் முப்பது வருஷம் தடையில் இருந்தது.

முத்தம் மூன்று விநாடிக்கு மேல் கூடாது, கட்டிலில் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருந்ததாமே?

விதித்தொகுப்பில் விநாடிக் கணக்கும் இல்லை, கால் கணக்கும் இல்லை. அதிகாரிகள் படத்துக்குப் படம் பேரம் பேசியதிலிருந்து கிளம்பிய கதைகள்.

1934-ல் திடீரென்று எப்படி அடங்கினார்கள்?

திடீரென்று இல்லை. குழந்தைகள் மனத்தைச் சினிமா எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு பெரிய ஆய்வு வரிசை 1933-ல் வெளியாகிப் பரபரப்பு ஏற்படுத்தியது. மத்தியத் தணிக்கை வரும் என்ற பேச்சு மறுபடி எழுந்தது. ஆனால் முதலாளிகளை மண்டியிட வைத்தது கத்தோலிக்கத் திருச்சபை. ‘லீஜன் ஆஃப் டீசன்சி’ என்ற இயக்கம் தொடங்கி, கெட்ட படங்களைப் பார்க்க மாட்டோம் என்று லட்சக்கணக்கானவர்களிடம் உறுதிமொழி வாங்கினார்கள். ஃபிலடெல்ஃபியா கர்தினால் டோகர்ட்டி இன்னும் கடுமை: 1934 மே மாதம், தம் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர் எந்தப் படத்துக்குமே போகக் கூடாது என்றார். நல்ல படம், கெட்ட படம் என்ற பேதமே இல்லை. அந்த நகரத்தில் நிறைய தியேட்டர் வைத்திருந்தது வார்னர் கம்பெனி. நாலு வருஷம் கடிதங்களுக்கு அசையாதவர்கள் காலி இருக்கைகளுக்கு அசைந்தார்கள். மக்களைக் கூட்டுவதற்காகத் துணிந்தவர்கள், கூட்டம் போய்விடும் என்றதும் பணிந்தார்கள். இரண்டுக்கும் காரணம் கல்லாப்பெட்டி.

சான்றிதழ் தருவதற்காக அமைந்த புதிய அலுவலகத்துக்கு ஜோசப் ப்ரீன் தலைவரானார். ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த ஐரிஷ் கத்தோலிக்கர், முன்னாள் பத்திரிகையாளர். விதியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நடுவர் முறை ஒழிந்தது, திரைக்கதைக்கும் முடிந்த படத்துக்கும் அவருடைய ஒப்புதல் கட்டாயமானது. இடையில் ஒரு சிறு காலம் தவிர 1954 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அவருடைய பழைய கடிதங்களில் ஹாலிவுட்டின் யூதர்கள் பற்றி அப்பட்டமான வெறுப்பு தெரிகிறது. அமெரிக்கர்கள் எதைப் பார்க்கலாம் என்று இருபது வருஷம் முடிவு செய்தவரைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது.

ஏற்கெனவே வெளியான படங்கள் என்ன ஆயின?

ப்ரீனின் காலத்தில் மறுவெளியீடு வேண்டுமென்றால் புதுச் சான்றிதழ் வேண்டும். சிலவற்றுக்குக் கிடைக்கவே இல்லை. மற்றவற்றை வெட்டினார்கள், பல சமயம் மூல நெகட்டிவையே. ‘கிங் காங்’ (1933) 1938-ல் திரும்பி வந்தபோது காங் மனிதர்களைக் கடிக்கும் காட்சிகளும் நாயகி ஃபே ரேயின் உடையை உரிக்கும் காட்சியும் போயிருந்தன, பிறகுதான் கிடைத்துச் சேர்த்தார்கள். ‘லவ் மீ டுநைட்’ (1932) இசைப் படத்திலிருந்து கால் மணி நேரம் போனது போனதுதான். ஜோன் ப்ளாண்டெல் நடித்த ‘கன்வென்ஷன் சிட்டி’ (1933) முழுப் படமும் இன்று இல்லை.

இவற்றை முற்போக்குப் படங்கள் என்று சொல்லலாமா?

பெண்கள் விஷயத்தில் ஓரளவு. வேலைக்குப் போகிறார்கள், கம்பெனி நடத்துகிறார்கள், விவாகரத்து வாங்குகிறார்கள், ஆசையை மறைக்காமல் சொல்கிறார்கள். ஆனால் ஆண் அடித்தால் சிரித்துவிட்டுப் போகும் காட்சிகளும் இதே படங்களில் உண்டு.

இன விஷயத்தில் பல படங்கள் முகம் சுளிக்க வைக்கும். ‘தி மாஸ்க் ஆஃப் ஃபூ மான்சு’ (1932) படத்தில் போரிஸ் கார்லோஃப் சீனராக வேஷம் கட்டி வெள்ளையரை அழிக்கத் துடிப்பார். அசல் சீன-அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்கோ முதன்மை வேடங்கள் கிடைப்பதே அரிது. ‘பேபி ஃபேஸ்’ படத்தில் லில்லியின் கூடவே இருக்கும் கறுப்பினத் தோழியாக தெரசா ஹாரிஸ் நடித்திருக்கிறார். வேலைக்காரி வேடத்துக்குள் அடைபட்டாலும் அவர் லில்லிக்குத் தோழியாகவே நடத்தப்படுவார், அவரை வீட்டைவிட்டு அனுப்பச் சொன்னால் லில்லி ஒத்துக்கொள்ள மாட்டாள். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிது.

அந்த வருஷங்களில் நம் பக்கம் என்ன நிலைமை?

பிரிட்டிஷ் இந்தியாவில் தணிக்கை ஏற்கெனவே அரசின் கையில். 1918 சட்டப்படி 1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களில் வாரியங்கள் வந்தன, போலீஸ் கமிஷனர் தலைமையில். ஹாலிவுட் படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் ஆடிப்பாடிக் குடிப்பதை இந்தியர்கள் பார்த்தால் ஆட்சியின் கௌரவம் என்னாவது என்ற கவலை ஆங்கிலேயருக்கு. 1927-ல் விசாரணைக் குழு அமைத்தார்கள், தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். பிரிட்டிஷ் படங்களுக்குச் சலுகை தர வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் குழுவின் அறிக்கை ஏமாற்றமே தந்தது.

இன்னொரு தொடர்பு எல்லிஸ் ஆர். டங்கன். இந்த வருஷங்களில் லாஸ் ஏஞ்சலிஸில் சினிமா படித்துவிட்டு 1935-ல் இந்தியா வந்த அமெரிக்கர். 1936-ல் எம்.ஜி.ஆரின் முதல் படமான ‘சதிலீலாவதி’யை இயக்கினார், 1937-ல் ‘அம்பிகாபதி’. காதல் காட்சிகளில் நாயகனையும் நாயகியையும் நெருங்கி நிற்க வைத்ததற்காகப் பாராட்டும் வாங்கினார், திட்டும் வாங்கினார்.

விதி எப்போது ஒழிந்தது?

1952-ல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு, சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்றது. அடுத்த வருஷம் ‘தி மூன் இஸ் ப்ளூ’ சான்றிதழ் இல்லாமலேயே வெளியாகி நன்றாக ஓடியது. 1968 நவம்பரில் வயது வாரித் தர முறை வந்ததும் விதியின் கதை முடிந்தது.

எதில் தொடங்கலாம்? எங்கே கிடைக்கும்?

சிரிக்க வேண்டும் என்றால் ‘ட்ரபிள் இன் பாரடைஸ்’. மனம் கனக்கத் தயார் என்றால் ‘செயின் கேங்’. இரண்டுக்கும் நடுவே ‘பேபி ஃபேஸ்’. பெரும்பாலான படங்கள் ஒன்றே கால் மணி நேரம்தான், சாப்பிட்டு முடிப்பதற்குள் பாதி ஓடிவிடும்.

பல படங்கள் டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் வந்திருக்கின்றன. 1930-ல் வெளியான படங்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் காப்புரிமை இல்லை. ஆகவே மார்லின் டீட்ரிச் ஆண் உடையில் வந்து ஒரு பெண்ணுக்கு முத்தம் கொடுக்கும் ‘மொராக்கோ’வும், ‘தி டிவோர்ஸி’யும் அந்தக் கணக்கில் சேரும். பார்க்கும் முன் நீளத்தை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘பேபி ஃபேஸ்’ 76 நிமிடம் என்று இருந்தால் அது வெட்டுப்படாத பிரதி, 71 நிமிடம் என்றால் கிழவர் உபதேசம் செய்யும் பிரதி.